பாக்கியத்தின் கையில் எதைக் கொடுப்பது: நமுனுகுல மலையில் பதினொரு நாள்

கடந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்கேயும் போவதாக நான் இல்லை. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். தவணை முடிந்தால் ஒரு வாரம் தூங்கினால் போதும் என்ற நிலையில்தான் இருந்தேன். அப்போது சரண்யாவிடமிருந்து ஒரு படம் வந்தது. சரண்யா என் பழைய மாணவி, கல்யாணமாகிப் பதுளையில் இருக்கிறாள். படத்தில் அரைகுறையாக முடிந்த ஒரு சீமெந்துச் சிலை. சேலை கட்டிய ஒரு பெண். இரண்டு கைகளும் மணிக்கட்டோடு நின்றுபோய், அதிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

கீழே எழுதியிருந்தாள்: "டீச்சர், இந்தக் கையில என்ன குடுக்கிறதுன்னு தோட்டமே சண்டை போடுது. வந்து பாருங்களேன்."

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு இதுதான் பைத்தியம். ஒரு ஊர் தன் சாமியை எப்படி வரைகிறது, எப்படிச் செய்கிறது, என்ன உடுத்திவிடுகிறது என்று பார்க்கப் பஸ் ஏறிவிடுவேன். நான்கு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் பை கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை 5.45க்குப் புறக்கோட்டையில் பஸ். பதுளைக்கு 940 ரூபாய் கொடுத்தேன். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் போகும் பஸ் இது. ரயில் அழகுதான், ஆனால் நேரம் கூட. ஹல்துமுல்லையில் தேநீருக்குப் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். கடைக்கு எதிரே தேயிலைக்குள் ஒரு சின்ன முனியாண்டி சிலை. முறுக்கு மீசை, காலில் முழங்கால் வரை கறுப்புப் பூட்ஸ். யாரைப் பார்த்து அந்தப் பூட்ஸைப் போட்டுவிட்டார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. தோட்டத்தில் அதிகாரம் என்றால் பூட்ஸ் போட்டுத்தானே வந்திருக்கிறது. பெரகலையில் திரும்பி, அப்புத்தளை, பண்டாரவளை தாண்டிப் பதுளையில் இறங்கியபோது மதியம் 1.50. (ஜன்னலோரம் வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காருங்கள். வாந்தி வரும் என்றால் முன் இருக்கை.)

சரண்யாவின் மாமனார் வீட்டுக்குக் கடைவீதியில் பூசைச் சாமான் கடை. அவர் தாத்தா காலத்தில் இராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். கீழே கடை, மேலே வீடு. உள்ளே போனதும் சாம்பிராணி, கற்பூர வாசனை. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சாமிப் படங்கள். எல்லா அம்மனுக்கும் ஒரே ரோஸ் நிறக் கன்னம். அந்தப் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "இவதான் டீச்சர் செல்வராணி. அந்தச் சிலை இவங்க அம்மா" என்றாள் சரண்யா.

செல்வராணிக்கு முப்பத்தொரு வயது. கடைக்கு வந்து ஏழு வருடமாகிறது. "வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தார். "நாள் பூரா சாமிப் படந்தான் விக்கிறேன். எங்கம்மா படம் ஒன்னுதாங்க இருக்கு. அதுவும் ஐடென்டிட்டி கார்டுல."

கதையைச் சரண்யாதான் சொன்னாள். பதினேழு வருடத்துக்கு முன் நமுனுகுல மலையில் ஒரு தோட்டம். மூன்று நாள் விடாத மழை. பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் வீட்டில். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, வேலைக்குப் பேர் கொடுத்தவர்கள் எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். செல்வராணியின் அம்மா பாக்கியம் காய்ச்சலென்று லயத்து வரிசை வீட்டிலேயே இருந்துவிட்டார். பின்பக்க வடிகானில் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாக ஓடுவதைப் பார்த்திருக்கிறார். மேட்டில் நிலம் பிளந்திருந்தது. ஒரு தட்டையும் அகப்பையையும் எடுத்து, காம்பரா என்கிற ஓரறை வீடு பன்னிரண்டுக்கும் முன்னால் அடித்துக்கொண்டே ஓடி, பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே கிளப்பிவிட்டார். கடைசியாக ஒருதரம் உள்ளே போனார். மலை இறங்கிவிட்டது. செத்தது அவர் ஒருவர்தான்.

"படுத்த படுக்கையா கெடந்த ஒரு ஆயாவத் தூக்கத்தான் திரும்பிப் போனாங்களாம். ஆயாவ வெளிய தள்ளிவிட்டுட்டு, அவங்க வர்றதுக்குள்ள மண்ணு மூடிருச்சு" என்றாள் சரண்யா. செல்வராணி படங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரிவு நடந்த இடத்தில் முதலில் ஒரு கல் நட்டு விளக்கு வைத்தார்கள். பிறகு மழைக்காலத்தில் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து திருநீறு பூசினார்கள். இப்போது ஒரு சின்னக் கோயில் கட்டி, சிலையும் வைக்கப்போகிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்கியது.

புதன் காலை 7.15க்குப் பசறை பஸ். பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கே நமுனுகுல பஸ் பிடித்து, கடைத்தெருவில் இறங்கி, தோட்டப் பாதையில் நான்கு கிலோமீட்டர் ஆட்டோ. 800 ரூபாய் கேட்டார், கொடுத்தேன், பாதை அப்படி. செல்வராணியும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். ஆகஸ்டில் அந்தப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். தேயிலை மேலெல்லாம் அலை அலையாக ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், காரணம் பிறகு புரியும்.

தகரக் கொட்டகைக்குள் சிலை நின்றது. செய்தவர் ஹாலிஎல பக்கத்துச் சிங்களவர், சுனில். கொத்தனாரை அங்கே பாஸ் என்பார்கள். எல்லாருக்கும் அவர் சுனில் பாஸ். விகாரைகளுக்குப் புத்தர் சிலை செய்வதுதான் அவர் தொழில். அது சிலையிலும் தெரிந்தது. பாதி மூடிய கண், தோளைத் தொடப்போகும் காது, அசையாத உதடு.

செல்வராணி சிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாஸ், எங்கம்மா காது இவ்வளவு நீளம் இல்லீங்க."

சுனில் பாஸ் சிரித்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஐடென்டிட்டி கார்டுப் படத்தின் பெரிதாக்கிய போட்டோ பிரதியை எடுத்துக் காட்டினார். "இதப் பாருங்க மிஸ். காது முடிக்குள்ள. கண்ணு பயந்த மாதிரி. கார்டு படத்துல எல்லாரும் கள்ளன் மாதிரிதானே இருப்பான்? நான் என்ன செய்ய? கைக்குப் பழகின முகத்தப் போட்டேன்."

நான் பையிலிருந்து வரைபுத்தகத்தை எடுத்தேன். செல்வராணி சொல்லச் சொல்ல வரைந்தேன். காது சின்னது. மூக்குத்தி இடது பக்கம். பேசும்போது உதடு வலப்பக்கம் கொஞ்சம் கோணும். நாலாவது தாளில் செல்வராணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இதுதான். இத அழிச்சிராதீங்க." சுனில் பாஸ் அந்தத் தாளை வாங்கி, சிலையின் முகத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

பத்து மணிக்குத் தலைவர் வந்தார். மாரிமுத்து, அறுபது வயதிருக்கும். தோட்டத்து ஆட்களுக்கும் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர். முகம் மாறப்போவதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. "ஒங்கம்மா முகம் ஒனக்குத்தான் தெரியும் புள்ள. ஆனா கையில சூலந்தான். அதுல பேச்சில்ல."

"எங்கம்மா சூலத்தத் தொட்டதே இல்ல மாமா. கொழுந்துக் கூடையத்தான் தொட்டாங்க. கூடையோட நிக்கட்டும்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. ஒரு தொழிலாளிப் பெண்ணை அவள் கோலத்திலேயே நிறுத்துவதுதான் மரியாதை, ஆயுதம் கொடுத்துத் தெய்வமாக்கினால் அவள் மனுஷி என்பதே மறந்துபோகும் என்று, வகுப்பில் பேசுவது போல ஐந்து நிமிடம் பேசினேன். தலைவர் கடைசிவரை கேட்டார்.

"சரிங்க டீச்சரம்மா. நீங்க படிச்சவங்க. நான் ஒன்னு கேக்குறேன். இந்த மண்ணு யாரோடது? கம்பெனியோடது. கூடையோட நின்னா இது சிலை. நாளைக்கு ஒரு தொரை வந்து, ரோடு போடணும், சிலையத் தூக்கி ஓரமா வைனு சொல்லலாம். சூலத்தோட நின்னா இது சாமி. சாமிய எவன் தொடுவான்?"

இத்தனை வருடம் சிலைகளின் கையில் இருப்பதைப் படமெடுத்து எழுதியிருக்கிறேன். அது ஒரு காணி உறுதிப் பத்திரத்துக்குப் பதிலாக இருக்கக்கூடும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

தலைவர் நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "அது மட்டும் இல்ல. அவ எங்கம்மாவுக்காக உசுர விட்டவ. அவளுக்கு நான் சூலம் குடுக்காம வேற யாரு குடுக்கிறது?"

அந்தப் படுக்கையாகக் கிடந்த ஆயா, தலைவரின் தாய். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செல்வராணி அங்கிருந்த சீமெந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"ஒங்கம்மாவுக்காகப் போகல மாமா."

"என்னா சொல்ற?"

"ஒங்கம்மாவ முன்னாடியே தூக்கிட்டு வந்துட்டாங்க. ஆயாவுக்கு நெனப்பே இல்ல. சவுக்கு மரத்தடியில சாய்ச்சு வச்சு, என்னையப் பாத்துக்கச் சொன்னாங்க. மத்த எல்லாரும் வெளிய வந்து ரோட்டுக்கு ஓடிட்டாங்க. நாந்தான்... நாந்தான் கத்துனேன், அம்மா, கோழி உள்ள இருக்குனு. அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் வளத்த கோழி. இரு, வாரேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

சுனில் பாஸ் கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பாதித் தமிழ் அவருக்குப் புரியாது. இது புரிந்திருக்கிறது.

தலைவரின் முகம் கறுத்துவிட்டது. நான் அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கம்மா செத்து ஒம்பது வருஷம். சாகுற வரைக்கும் மழை பேஞ்சா சோறு திங்க மாட்டா. என்னால ஒரு தாய் போயிட்டா, ஒரு புள்ள அனாதையாப் போச்சுன்னு அழுவா. எட்டு வருஷம் அழுதா. இத நீ ஒரு வார்த்த அவகிட்ட சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்குப்பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பசறை பஸ்ஸில் ஏறிய பிறகு, செல்வராணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஆயாவுக்காகப் போனாங்கன்னு மத்தவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க டீச்சர். எனக்கு அப்ப பதினாலு வயசு. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன். கோழிக்காகச் செத்தாங்கன்னா சிரிப்பாங்க. என்னாலன்னு தெரிஞ்சா..." என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வியாழன் காலை கொழும்புக்குத் திரும்பிவிடலாம் என்று பையைக் கட்டினேன். ஊரின் ரணத்தைக் கிளறிவிட்டு வேடிக்கை பார்த்தது போல் இருந்தது எனக்கு. எட்டரைக்குச் சுனில் பாஸ் சரண்யாவின் போனுக்குக் கூப்பிட்டார். செல்வராணி அவருக்கு நங்கி, சிங்களத்தில் தங்கச்சி. "செல்வராணி நங்கியையும் மிஸ்ஸையும் வரச் சொல்லுங்க. தலைவர் இங்க வந்து நிக்கிறார். கையில கோழி."

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. தலைவர் நிஜமாகவே ஒரு செவலைக் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. செல்வராணியைப் பார்த்ததும் அதைக் கீழே விட்டு, காலில் கட்டியிருந்த கயிற்றை மிதித்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பாத்தேன் புள்ள. பதினாலு வயசுல வேற என்னத்தக் கத்துவ? கோழி உள்ள இருந்தா, கோழி உள்ள இருக்குனுதான் கத்துவ. அவ போனா பாரு, அதான். ஒரு கோழி உசுருக்கே திரும்பிப் போனவ. அப்புறம் சாமின்னா வேற யாரு?" பிறகு சுனில் பக்கம் திரும்பினார். "பாஸ், சூலம் இருக்கட்டும். அத நான் விடமாட்டேன். காலடியில கோழி வை. எல்லாச் சாமிக்கும் வாகனம் இருக்குல்ல?"

சுனில் பாஸ் தலையைச் சொறிந்தார். "யானை செஞ்சிருக்கேன், சிங்கம் செஞ்சிருக்கேன், அன்னம் செஞ்சிருக்கேன். கோழி செஞ்சதில்லயே தலைவர்."

"அதான் மாடல் கொண்டாந்திருக்கேன்ல?"

செல்வராணி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அழுகையோடே, "நிக்கிற கோழி வேணாம் பாஸ். அடைகாக்குற கோழி. றெக்கைய விரிச்சு உக்காந்திருக்கும், கிட்ட போனா சிலுத்துக்கும். அப்படிச் செய்ங்க" என்றார். பிறகு தலைவரிடம், "மாமா, ஆயாகிட்ட நான் சொல்லாம விட்டது..." என்று தொடங்கினார்.

"விடு. அது போனது போனதுதான். நானும் நீயும் வச்சுக்குவோம் அத."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. செல்வராணியும் அதைக் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு நான் எங்கே கொழும்புக்குப் போவது? கண் திறப்பு அடுத்த வெள்ளிக்கிழமை என்று முடிவானது. தினமும் காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்பினேன். கோழிக்கு மூன்று முறை கழுத்து வைத்து உடைத்தார் சுனில் பாஸ். முதல் கழுத்து அன்னத்தினுடையதாகவே வந்துவிட்டது. மாடல் கோழி மாடலாக உட்கார மறுத்து, கொட்டகையை ஒரு வழி பண்ணியது. வலது கைக்குச் சூலம். இடது கையில்தான் கொஞ்சம் யோசனை. வழக்கப்படி உள்ளங்கையை முன்னால் காட்டி, அஞ்சாதே என்று சொல்லும் கை வைப்பார்கள். செல்வராணி தன் அம்மா அன்றைக்கு எல்லாரையும் வெளியே கூப்பிட்ட விதத்தைச் செய்து காட்டினார். உள்ளங்கை கீழ்நோக்கி, விரல்கள் உள்ளே மடங்க, 'வாங்க, வாங்க' என்று. அதை நான் வரைந்தேன், பாஸ் வார்த்தார். எந்தச் சிற்ப நூலிலும் இல்லாத முத்திரை அது. சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு, லயத்துச் சனம் முழுக்கக் கொட்டகை முன்னால். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கூடையோடே வந்து நின்றார்கள். புத்தருக்குக் கண் வைக்கும்போது நேருக்கு நேர் பார்க்காமல், முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்து வைப்பதுதான் தன் வழக்கம் என்றார் சுனில் பாஸ். பூசாரி, எங்களுக்கும் கண்ணாடி உண்டு, அப்படியே செய்யுங்கள் என்றார். கண் திறந்ததும் அம்மன் முதலில் பார்க்க வேண்டியது பசுவும் கன்றும் என்று கட்டி வைத்திருந்தார்கள். தலைவர் பசுவின் கயிற்றைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பசு அப்புறம் பாக்கட்டும். மொதல்ல அவ மகளப் பாக்கட்டும்."

செல்வராணியை முன்னால் நிறுத்தினார்கள். சுனில் பாஸின் தூரிகை நகர்ந்தது. கண்ணாடி விலகியது. பின்னால் எல்லார் கையும் தலைக்கு மேல் போய்விட்டது. செல்வராணி மட்டும் கையைக் கூப்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை வாசலில் நிற்பது போல, கையைத் தொங்கவிட்டபடி நின்றார்.

மனுஷியைத் தெய்வமாக்கினால் மனுஷி தொலைந்துபோவாள் என்று நான் அந்தக் கொட்டகையிலேயே பிரசங்கம் செய்தவள். இங்கே அந்த மனுஷி பதினேழு வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தாள். தெய்வத்துக்குக் கை செய்யப் போன இடத்தில்தான் வெளியே வந்தாள். மற்ற ஊர்களுக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். பதுளையில் பஸ் நிலையத்தைச் சுற்றி 4000 முதல் 6000 ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைக்கும். தனியாகப் போகும் பெண்கள் கடைவீதிப் பக்கம் எடுங்கள், எனக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட் நல்ல காலம். கடும் மழை மாதங்களில் மலைப்பக்கம் போகாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை விட்டால், பதுளையிலேயே இருந்து முதியங்கனை விகாரையைப் பாருங்கள். நமுனுகுலவிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம் சொல்கிறார்கள். கடைத்தெருவில் பாக்கியத்தம்மா கோயில் என்றால் ஆட்டோக்காரர்கள் கூட்டிப் போவார்கள். படம் எடுக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள். மண் இன்னும் கம்பெனியுடையதுதான், அதனால் தோட்டத்தின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள்.

ஞாயிறு பின்னேரம் போனால் உள்ளே ஒரு பெண் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு லீவில் திரும்பப் போனபோது, மந்திரமென்று நினைத்து நானும் கிட்டப் போய்விட்டேன். "கும்பிட வரல டீச்சர். இந்த வாரம் கடையில என்ன நடந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை வெளியே நில்லுங்கள். காற்று நன்றாக இருக்கும்.